கிளவுட் சேவை, வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளவுட் என்பது கடைசியில் என்னதான்?

வேறொருவர் கட்டிடத்தில் ஓடும் கம்ப்யூட்டரை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது. அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஈசி2 என்ற வாடகை சர்வரையும் திறந்தது. இன்றைய கிளவுட் வியாபாரம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

வாடகையில் இரண்டு தினுசு உண்டு. ஜிமெயில், ஜோஹோ புக்ஸ், கூகுள் டிரைவ் எல்லாம் மெஸ் மாதிரி: உட்கார்ந்தால் இலை போடுவார்கள், சமையல் அவர்கள் பாடு. ஈசி2, மைக்ரோசாஃப்டின் அஷூர் விர்ச்சுவல் மெஷின் போன்றவை காலி வாடகை வீடு. சுவரும் கரண்டும் அவர்களுடையது. பூட்டு, அடுப்பு, பாத்திரம் உங்கள் பொறுப்பு. காலி வீட்டை எடுத்துவிட்டு மெஸ் என்று நினைத்துக்கொள்வதுதான் சிறு தொழில்களுக்கு வரும் கிளவுட் தொல்லைகளில் பாதி.

போனில் "ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது" என்று வருகிறது. பணம் கட்டியே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், முதலில் சுத்தம் செய்து பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1க்கு முன்பு "உயர்தரம்" என்ற அமைப்பில் ஏற்றிய படங்கள் இந்தக் கணக்கில் வராது. அதற்குப் பின் ஏற்றியவை எல்லாம் வரும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸாப் பேக்கப்பும் இப்போது இதே 15 ஜிபியைத்தான் தின்கிறது. குடும்ப குரூப்பில் தினமும் வரும் காலை வணக்க வீடியோக்களுக்கும் இதில் பங்குண்டு.

கூகுள் ஒன் ஆப்பைத் திறந்து ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். ஜிமெயில் தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் வடிகட்டியில், அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்களும், யாரோ அனுப்பிய வீடியோக்களும் வரிசையாக வந்து நிற்கும். வாட்ஸாப்பில் பேக்கப் அமைப்புக்குப் போய் வீடியோ சேர்ப்பதை நிறுத்துங்கள்; பல பேருக்கு இது ஒன்றே போதும்.

அழித்த உடனே பிடித்த இடம் குறையவில்லை என்று பதற வேண்டாம். ஜிமெயில், டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாளும், போட்டோஸ் தொட்டியில் 60 நாளும் கிடக்கும். அதுவரை இடம் பிடிக்கும். தொட்டியையும் காலி செய்யுங்கள்.

கண்டுகொள்ளாமல் விட்டால் மெயில் வருவது நின்றுவிடும். பேங்க் மெயிலும் நிற்கும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அளவுக்கு மேலேயே இருந்தால் உள்ளே இருப்பதை நீக்க கூகுளுக்கு உரிமை உண்டு.

மற்ற இடங்களில் இலவச அளவு: ஐகிளவுட் 5 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி.

போனில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடில் இருக்குமா?

கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் அழித்தால் இரண்டு பக்கமும் போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதே ஆப்பில் "இடத்தைக் காலியாக்கு" என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும். அது பத்திரமாக ஏறிவிட்டதைச் சரிபார்த்துப் போனில் உள்ள பிரதியை மட்டும் நீக்கும். ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸ் ஆன் செய்திருந்தால் போனில் அழிப்பது எல்லா ஆப்பிள் கருவியிலும் அழிப்பதுதான். "சமீபத்தில் நீக்கியவை" பகுதியில் 30 நாள் இருக்கும்.

விண்டோஸில் இன்னொரு பள்ளம். ஒன்டிரைவ் பேக்கப்புக்குச் சம்மதம் சொல்லிவிட்டால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிடும். "5 ஜிபி நிரம்பிவிட்டது" என்று ஒன்டிரைவ் இணையப் பக்கத்தில் போய் அழித்தால், கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பும் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும்.

இதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். இவை சிங்க் சேவைகள். ஒரு பக்கம் நடந்ததை மறுபக்கமும் செய்வதுதான் சிங்க்கின் வேலை. அழிப்பதையும் விசுவாசமாகச் செய்யும். ரான்சம்வேர் (பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்) புகுந்து ஃபைல்களைப் பூட்டினால் பூட்டிய ஃபைலையே மேலே ஏற்றிவிடும். பேக்கப் என்றால் இங்கே அழித்தாலும் அங்கே பழைய நிலையில் நிற்க வேண்டும். நாடிப் போக வேண்டிய விதி 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வீட்டுக்கு இதன் எளிய வடிவம்: போன், கிளவுட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் செருகி எடுத்துவைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்.

டேலி கணக்கு சாஃப்ட்வேரைக் கிளவுடில் போட்டு ஐந்து பேர் பார்க்க வேண்டும். எப்படி?

ஒரு விண்டோஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் டேலி நிறுவி, எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப் (அந்தக் கம்ப்யூட்டரின் திரையை இங்கிருந்தே இயக்கும் வசதி) வழியாக நுழைவதுதான் நடைமுறையில் உள்ள வழி. ஐந்து பேருக்கு 2 கோர், 8 ஜிபி ரேம் போதும். டேட்டா பல ஆண்டுகள் சேர்ந்து பெருத்திருந்தால் 4 கோர். டிஸ்க் 100 ஜிபி எஸ்எஸ்டி. சர்வர் மும்பையிலோ ஹைதராபாத்திலோ சென்னையிலோ இருக்கட்டும்.

முதலில் இடறும் இடம் லைசென்ஸ். விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்காக ஒரே நேரத்தில் இரண்டு பேர் மட்டுமே நுழையலாம். மூன்றாவது ஆள் வந்தால் ஏற்கெனவே இருப்பவரை வெளியேற்றச் சொல்லிக் கேட்கும். ஐந்து பேர் வேலை செய்ய ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் தலைக்கு ஒன்று வாங்க வேண்டும். விலை கேட்கும்போது இதைச் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று கேளுங்கள். பல பேர் சொல்வதில்லை. டேலிக்கும் பல பயனர் லைசென்ஸ் தனி.

இரண்டாவது, பாதுகாப்பு. ரிமோட் டெஸ்க்டாப் 3389 என்ற போர்ட்டில், அதாவது சர்வரின் எண்ணிட்ட வாசலில், ஓடுகிறது. அதை உலகம் முழுக்கத் திறந்து வைத்தால், சில மணி நேரத்துக்குள் முன்பின் தெரியாத நாடுகளிலிருந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவைத் திறந்து 4625 என்ற எண்ணைத் தேடினால் தோற்ற முயற்சிகள் வரிசை வரிசையாகத் தெரியும். போர்ட் எண்ணை மாற்றினால் சத்தம் குறையுமே தவிர ஆபத்து குறையாது. செய்ய வேண்டியது: விபிஎன் (உங்கள் ஆட்களுக்கு மட்டுமான பூட்டிய இணைப்புப் பாதை) ஒன்றை முன்னால் வையுங்கள், அது முடியாவிட்டால் ஃபயர்வாலில் உங்கள் ஆபீஸ் ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் யாரும் அன்றாட வேலை செய்யக் கூடாது.

மூன்றாவது, பேக்கப். சர்வரின் டிஸ்க்கை அப்படியே படம் பிடிக்கும் ஸ்னாப்ஷாட் நல்லதுதான், ஆனால் யாராவது என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும் நொடியில் எடுத்தால் டேட்டா பாதியில் நிற்கலாம். இரவு எல்லோரையும் வெளியேற்றிவிட்டு டேலியின் சொந்த பேக்கப்பை எடுத்து அதை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, போன மாத டிரயல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் கணக்கில் சேர்க்க முடியாது.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கிளவுட் சர்வரில் வேலை செய்யவைக்க முயன்று நாளை வீணாக்காதீர்கள். கையெழுத்து வேலையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து அங்கேயே முடித்துவிடுங்கள். பிரின்டரும் அப்படித்தான் படுத்தும். பிடிஎஃப் ஆக்கி இங்கே இறக்கி அச்சிடுவது சுலபம்.

சர்வரை ஆஃப் செய்து வைத்திருந்தேன். இருந்தும் பில் வந்தது ஏன்?

இது அதிகம் வரும் கேள்வி. ஸ்டாப் செய்தால் நிற்பது சர்வர் ஓடும் நேரத்துக்கான கட்டணம் மட்டும். சர்வரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். அமேசானின் மும்பை மையத்தில் ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம், மாதத்துக்கு 730 மணி நேரம் என்று வைத்து.

100 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க், ஜிபிக்கு 9 சென்ட் வீதம்: சுமார் 9 டாலர். நிலையான பொது ஐபி முகவரி ஒன்று, 2024 பிப்ரவரி முதல் மணிக்கு அரை சென்ட்: 3.65 டாலர். சர்வர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த இரண்டும் உண்டு. எப்போதோ எடுத்து மறந்த ஸ்னாப்ஷாட்கள், நேட் கேட்வே (உள்ளே இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல்), லோடு பேலன்சர் (வரும் கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடுவது) இருந்தால் அதற்குமேல். கேட்வேயும் பேலன்சரும் ஒரு பைட்கூடப் போகாவிட்டாலும் மணிக்கணக்கில் வாடகை வாங்கும். ஒரு பயிற்சி வீடியோவைப் பார்த்துச் செய்து பழகியவர்கள் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் இந்தக் கேட்வேயைத்தான்.

பிறகு டேட்டா வெளியே போகும் கட்டணம். உள்ளே ஏற்றுவது இலவசம்; வெளியே எடுக்கத்தான் காசு. மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதன்பின் மும்பையில் ஜிபிக்கு சுமார் 11 சென்ட். உங்கள் தளத்தில் வீடியோ போட்டு மாதம் 1000 ஜிபி வெளியே போனால் 900 பெருக்கல் 11 சென்ட், கிட்டத்தட்ட 99 டாலர். சேமிப்புக்குக் கொடுத்ததைவிட இது அதிகமாக இருக்கும். வீடியோவையும் படங்களையும் அமேசானின் கிளவுட்ஃப்ரன்ட் (பார்ப்பவருக்கு அருகிலுள்ள மையத்திலிருந்து கொடுக்கும் சேவை) வழியாகக் கொடுத்தால் பயன்பாட்டுக்கேற்பக் கட்டும் திட்டத்தில் மாதம் 1 டிபி வரை இலவசம்; எஸ்3யிலிருந்து கிளவுட்ஃப்ரன்ட்டுக்குப் போவதற்கும் காசில்லை.

அமேசானின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு மையத்தில் இருப்பதுதான் தெரியும். முதல் நாள் தெரியாமல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு சர்வரைத் திறந்து, மறுநாள் மும்பைக்கு மாறிவிட்டால், மும்பைப் பக்கத்தில் நின்று எவ்வளவு தேடினாலும் வர்ஜீனியா சர்வர் கண்ணில் படாது. பில்லை மையம் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் அகப்படும்.

பட்ஜெட் அளவு வைத்தால் அதற்கு மேல் செலவாகாதா?

ஆகும். பட்ஜெட் அலாரம் என்பது மணி அடிக்கும், குழாயை மூடாது. அமேசானிலும் கூகுளிலும் இதே கதை. செலவுக் கணக்கு உடனுக்குடன் வருவதில்லை, பல மணி நேரம் தாமதமாகத்தான் வரும். மணி அடிப்பதற்குள் ஒரு இரவு ஓடியிருக்கும்.

ஆனாலும் வைத்தே ஆக வேண்டும். மாதம் எதிர்பார்க்கும் தொகையில் 50, 80, 100 சதவீதத்தில் மூன்று அலாரம் வையுங்கள். அவை முதலாளியின் சொந்த மெயிலுக்கு வரட்டும், யாரும் திறக்காத "இன்ஃபோ" முகவரிக்கு வேண்டாம். அமேசானில் பட்ஜெட் ஆக்‌ஷன் என்ற வசதியில், அளவு தாண்டினால் குறிப்பிட்ட சர்வர்களைத் தானாக நிறுத்தும்படி அமைக்கலாம்.

இலவசமாகப் பழக அக்கவுண்ட் திறக்கலாமா? கார்டு கேட்கிறார்களே?

திறக்கலாம். கூகுள் கிளவுட் 90 நாளுக்கு 300 டாலர், அஷூர் 30 நாளுக்கு 200 டாலர் மதிப்பில் கிரெடிட் தருகின்றன. அமேசான் 2025 ஜூலை 15 முதல் முறையை மாற்றிவிட்டது: தொடங்கும்போது 100 டாலர், சில வேலைகளைச் செய்து காட்டினால் இன்னும் 100 வரை, இலவசத் திட்டத்தில் ஆறு மாதமோ கிரெடிட் தீரும்வரையோ, எது முன்னதோ அதுவரை. பழைய பதிவுகளில் "12 மாதம் இலவசம்" என்று படித்திருந்தால் அது அந்தத் தேதிக்கு முன் திறந்த அக்கவுண்ட்களுக்கு.

இந்தியக் கார்டுகளில் ரிசர்வ் வங்கி விதிப்படி, 15,000 ரூபாய்க்கு மேல் தானாகப் பிடிக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ஓடிபி வேண்டும். மாத பில் அந்த எல்லையைத் தாண்டினால் தானியங்கிப் பிடித்தம் தோற்றுப்போகும். நீங்களே உள்ளே போய்க் கட்ட வேண்டும். "கார்டில் பணம் இருக்கிறது, ஏன் அக்கவுண்ட்டை முடக்கினார்கள்" என்று கேட்பவர்களுக்கு அநேகமாக நடந்திருப்பது இதுதான்.

ஜிஎஸ்டி எப்படி?

கிளவுட் சேவைக்கு 18 சதவீதம். அக்கவுண்ட் திறந்த அன்றே வரி அமைப்புப் பக்கத்தில் ஜிஎஸ்டி எண்ணைப் பதியுங்கள். பின்னால் பதிந்தால் முன்பு வந்த பில்களில் எண் இராது, உள்ளீட்டு வரி எடுக்க அலைய வேண்டியிருக்கும். பதிவு பெற்ற தொழில் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்கினால், வரியை நீங்களே ரிவர்ஸ் சார்ஜில் கட்டி உள்ளீடாக எடுக்க வேண்டும். சின்ன மாதச் சந்தாக்களில் இதைத்தான் மறப்பார்கள். ஆடிட்டரிடம் சந்தாப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

டேட்டா இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

எல்லாருக்கும் இல்லை. யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பணப்பரிமாற்ற நிறுவனங்களுக்கு, 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, பரிவர்த்தனைத் தகவல் இந்தியாவில்தான் சேமிக்கப்பட வேண்டும். கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை மின்வடிவில் வைத்திருந்தால், அவற்றின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம் இது. பிரைவேட் லிமிடெட் ஆகியும் பேக்கப்பை சிங்கப்பூரில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டில் வைப்பதைப் பொதுவாகத் தடுக்கவில்லை; அரசு அறிவிக்கும் நாடுகளுக்கு மட்டும் தடை போடலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதில் பொறுப்பு வாடிக்கையாளர் தகவலைச் சேகரித்த உங்களுடையது, சர்வர் கொடுத்தவருடையது அல்ல. செர்ட்-இன் (இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். யார் எப்போது நுழைந்தார், என்ன செய்தார் என்று காட்டும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பல சேவைகளில் லாக் வைக்கும் காலம் தானாக அவ்வளவு இராது. நீங்கள்தான் நீட்ட வேண்டும்.

இவ்வளவு பெரிய கம்பெனிகள். அவர்களிடம் டேட்டா போய்விடுமா என்ன?

போகும். போயிருக்கிறது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் முழுதாக எரிந்தது, பக்கத்துக் கட்டிடமும் ஓரளவு சேதமானது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் போயின.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்துக்கு நடந்தது இதைவிடப் பாடமானது. அவர்கள் கூகுள் கிளவுடில் தங்கள் அமைப்பை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். அமைத்தபோது கூகுள் தரப்பில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். அதனால் அந்த அமைப்புக்கு ஓராண்டு ஆயுள் என்று தானாகக் குறிக்கப்பட்டது. ஆண்டு முடிந்ததும் இரண்டு இடத்திலும் அழிந்தது. நிதியத்தைக் காப்பாற்றியவை தனியே வைத்திருந்த பேக்கப்கள், அவற்றில் வேறொரு நிறுவனத்திடம் வைத்ததும் ஒன்று. ஒரே அக்கவுண்ட்டுக்குள் இரண்டு பிரதி வைத்தால் டிஸ்க் கெடுவதிலிருந்து தப்பலாம், அக்கவுண்ட்டே போனால் தப்ப முடியாது.

எஸ்3 சேவை 99.999999999 சதவீத நிலைப்பு என்று சொல்வது இயந்திரப் பழுதைப் பற்றி. நீங்களே அழித்தால் அதே உறுதியோடு அழிந்துவிடும். வெர்ஷனிங் என்ற வசதியை ஆன் செய்து வைத்தால் அழித்த, மேலெழுதிய பழைய பிரதிகள் நிற்கும். பழையவற்றை 30 அல்லது 90 நாளில் நீக்க ஒரு விதியும் போடுங்கள், இல்லாவிட்டால் பில் ஊதும்.

சேவை நின்றுபோவது வேறு விஷயம். 99.9 சதவீதம் என்றால் மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம், 99.99 என்றால் 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் நின்றால் இழப்பீடு வரும், ஆனால் அது உங்கள் வியாபார நஷ்டத்துக்கு இல்லை. மாத வாடகையில் ஒரு பங்கு கிரெடிட்டாக, அதுவும் பெரும்பாலும் நீங்கள் கேட்டால்தான். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா மையத்தில், டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் முகவரிப் பதிவு காலியாகிப்போய்ப் பல மணி நேரம் உலகெங்கும் ஆப்கள் முடங்கின. அப்படி ஒரு நாளில் கடைக்கு என்ன வேண்டும்? கையால் போடும் பில் புத்தகம் ஒன்று கல்லாவில் இருக்க வேண்டும்.

ஹேக் ஆவதைத் தடுக்க எதை முதலில் செய்வது?

முதன்மை அக்கவுண்ட்டுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, ஆத்தென்டிகேட்டர் ஆப் மூலம். பிறகு அந்த முதன்மை அக்கவுண்ட்டை அன்றாட வேலைக்குத் தொடவே கூடாது.

அடுத்தது ரகசியச் சாவிகள், அதாவது புரோகிராம்கள் உங்கள் கிளவுட் அக்கவுண்ட்டுக்குள் நுழையப் பயன்படுத்தும் பாஸ்வேர்டு போன்றவை. புரோகிராமர் சாவியைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி, கிட்ஹப் என்ற புரோகிராம் பகிரும் தளத்தில் பொதுப் பக்கத்தில் ஏற்றிவிட்டால், அதைத் தேடிக்கொண்டேயிருக்கும் ரோபோக்கள் சில நிமிடத்தில் எடுத்துவிடும். பிறகு உங்கள் பெயரில் பெரிய சர்வர்கள் திறக்கப்பட்டு கிரிப்டோ தோண்டப்படும். எடுத்தது தெரிந்தால் புரோகிராமிலிருந்து சாவியை நீக்குவதால் பயனில்லை, பழைய வரலாற்றில் அது இருக்கும். சாவியையே ரத்து செய்யுங்கள்.

எஸ்3 பொதுப் பார்வைக்குத் திறந்து கிடந்து தகவல் கசிந்த சம்பவங்களுக்குப் பின், 2023 ஏப்ரல் முதல் புதிய சேமிப்புப் பெட்டிகள் மூடியபடியேதான் உருவாகின்றன. "படம் தெரியவில்லை" என்று அந்தப் பூட்டை மொத்தமாகத் திறந்துவிடுவதுதான் இப்போதைய தவறு.

நம் ஊரில் இதையெல்லாம்விட அடிக்கடி நடப்பது வேறு. வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் மெயில் ஐடியிலேயே கிளவுட் அக்கவுண்ட்டையும் டொமைனையும் (வெப்சைட்டின் பெயர்) திறந்திருப்பார். உறவு முறிந்த அன்று கடைக்காரரிடம் எதுவும் இருக்காது. அக்கவுண்ட், டொமைன் இரண்டும் உங்கள் நிறுவன மெயிலில், உங்கள் கார்டில், உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும். வேலை செய்பவருக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுங்கள், போகும்போது அதை மூடுங்கள்.

500 ஜிபி டேட்டாவை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

ஜிபியை 8000 ஆல் பெருக்கி, அப்லோட் எம்பிபிஎஸ்ஸால் வகுத்தால் நொடி. 500 ஜிபிக்கு 40 லட்சம்; 100 எம்பிபிஎஸ் இருந்தால் 40,000 நொடி, 11 மணி நேரம். 20 எம்பிபிஎஸ் என்றால் இரண்டேகால் நாளுக்கு மேல். பிளானில் போட்டிருப்பது டவுன்லோட் வேகமா அப்லோட் வேகமா என்று பாருங்கள். கேபிள் இணைப்புகளில் இரண்டும் ஒன்றல்ல. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எல்லாம் போன பிறகு இறக்கிக்கொள்ள எத்தனை நாள் கடை நிற்கும் என்பதும் வரும்.

சிசிடிவியைக் கிளவுடில் சேமிக்கலாமா?

கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 21.6 ஜிபி. நான்கு கேமரா 86 ஜிபி, 30 நாளைக்கு 2.6 டிபி. ராப்பகலாக 8 எம்பிபிஎஸ் அப்லோட் போய்க்கொண்டே இருக்கும். முழுப் பதிவை டிவிஆரில் (கடையிலேயே இருக்கும் பதிவுப் பெட்டி) வைத்து, அசைவு தெரியும் சின்னத் துண்டுகளை மட்டும் மேலே ஏற்றுவது உசிதம். டிவிஆரையே தூக்கிப்போகும் திருடனை அடையாளம் காண அந்தத் துண்டுகள் போதும்.

சொந்த சர்வர் மலிவா, கிளவுட் மலிவா?

நாள் முழுக்க ஒரே சீராக ஓடும் வேலைக்கும், ஆபீசுக்குள் மட்டும் திறக்கும் பெரிய டிசைன் ஃபைல்களுக்கும் சொந்த சர்வர் அல்லது இரண்டு டிஸ்க் நாஸ் பெட்டி (ஆபீஸ் நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) மலிவு. யூபிஎஸ் பேட்டரி, ஏசி, கெட்டுப்போனால் வரும் ஆள்கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும்.

பகலில் மட்டும் வேலை, சீசனில் மட்டும் கூட்டம் என்றால் கிளவுட். தினம் 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 260 மணி. 730இல் இது 36 சதவீதம். இரவில் தானாக நிறுத்தி காலையில் எழுப்பும் நேர அட்டவணை போட்டால் சர்வர் ஓடும் நேரத்துக்கான கட்டணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். ஓராண்டு, மூன்றாண்டு முன்பதிவுத் தள்ளுபடி இரவும் பகலும் ஓடும் சர்வருக்குத்தான் பொருந்தும். ஆறு மாதம் ஓட்டிப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய ஆவணங்களுக்கு அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் போன்ற குளிர் சேமிப்பு மிக மலிவு: வர்ஜீனியாவில் 1 டிபிக்கு மாதம் சுமார் ஒரு டாலர். திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும், மலிவு வழியில் 48 மணி நேரம். 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு.

அக்கவுண்ட் வைத்திருப்பவர் இறந்துவிட்டால்?

கூகுளில் "செயலற்ற கணக்கு நிர்வாகி" என்ற அமைப்பு உண்டு. 3, 6, 12 அல்லது 18 மாதம் பயன்பாடு இல்லையென்றால் நீங்கள் குறிப்பிட்டவர்களுக்கு, அதிகபட்சம் 10 பேர், தகவல் போய்ச் சேரும். அமைக்காமல் விட்டால் இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் அக்கவுண்ட்டை கூகுள் அழிக்கலாம். ஐபோனில் "மரபுத் தொடர்பு" என்று ஒருவரைச் சேர்க்கலாம். அவரிடம் அணுகல் சாவியை அச்சிட்டுக் கொடுத்துவையுங்கள். கடை முதலாளி ஒருவர் பெயரிலேயே எல்லாம் இருந்தால், இரண்டாவது நிர்வாகியாக வீட்டில் ஒருவரையோ பங்குதாரரையோ சேர்ப்பது பத்து நிமிட வேலை.

ஒரு கிளவுடிலிருந்து வெளியேறுவது எப்படி?

முழுதாகக் கிளம்புபவர்களுக்கு டேட்டா வெளியேற்றக் கட்டணம் இல்லை என்று கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024இல் அறிவித்துவிட்டன. ஆனால் முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி வாங்கவேண்டும். வாங்காமல் எடுத்தால் வழக்கமான விலை.

வரிசை இது. டேட்டாவை இறக்குங்கள், திறந்து சரிபாருங்கள். டொமைனின் முகவரிப் பதிவுகளைப் புதிய இடத்துக்கு மாற்றி ஒரு வாரம் பழையதையும் ஓடவிடுங்கள். பிறகு சர்வர், டிஸ்க், ஸ்னாப்ஷாட், ஐபி என ஒவ்வொரு மையமாகப் போய் நீக்குங்கள். பழைய பில்களை எல்லாம் பிடிஎஃப்பாக இறக்கி ஆடிட்டருக்கு அனுப்புங்கள், அக்கவுண்ட் போனபின் அவை கிடைக்காது. கடைசியில் அக்கவுண்ட்டை மூடுங்கள். அமேசானில் மூடிய பின் 90 நாள் வரை திரும்பத் திறக்க முடியும். மூடிய மாதத்தில் பயன்படுத்தியதற்கான பில் அடுத்த மாத ஆரம்பத்தில் ஒருமுறை வரும். அதற்கடுத்த மாதமும் வந்தால் ஏதோ ஒரு மையத்தில் ஒரு டிஸ்க் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.